பாய் தைத்த தேசபக்தர்

செல்வம் சேர்ந்துவிட்டால் உரிமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று எண்ணி அடங்கிவிடுவோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அத்தகையோருக்கு விடையாக வாழ்ந்த ஒரு வர்த்தகரின் சரித்திரத்தை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் கப்பல் பாய் தைக்கும் தொழிலை நடத்திய ஜேம்ஸ் போர்ட்டன் என்ற கறுப்பரே அவர்.

போர்ட்டன் 1766ம் வருஷம் செப்டம்பர் 2ந் தேதி பிறந்தார். கொள்ளுப்பாட்டனார் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்; பாட்டனார் தம் முயற்சியால் விடுதலை பெற்றவர்; தகப்பனாரோ சுதந்திர மனிதராகவே பிறந்தவர். ஏழு வயதில் தகப்பனாரை இழந்த சிறுவன், குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளியில் சிறிது காலம் படித்தபின் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. 1776ல் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தபொழுது அவருக்குப் பத்து வயதும் நிறையவில்லை.

1781ல், பதினான்கு வயதில், ராயல் லூயி என்ற போர்க்கப்பலில் சேர்ந்தார். பீரங்கிகளுக்கு வெடிமருந்து சுமந்து கொடுப்பது அவர் வேலை. சில மாதங்களுக்குள் அக்கப்பல் பிரிட்டிஷ் கடற்படையிடம் பிடிபட்டது. பிடிபடும் கறுப்பரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக விற்றுவிடும் வழக்கம் அன்று இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் கப்பல் தலைவரின் மகன் இவருடன் கோலி விளையாடி நண்பனானான். தலைவரும் மனமிரங்கி, இவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று கல்வி அளிப்பதாகச் சொன்னார். தேசத்துக்காகப் போரிட்டுச் சிறைப்பட்ட தாம் அதற்குத் துரோகம் செய்ய இயலாதென்று போர்ட்டன் மறுத்துவிட்டார்.

மறுத்ததன் பலன், நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ஜெர்ஸி என்ற சிறைக்கப்பல். அங்கிருந்த சிறைக்கப்பல்களில் நோயாலும் பட்டினியாலும் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். பெட்டிக்குள் ஒளிந்து தப்பும் வாய்ப்பொன்று கிட்டியபொழுது, அதைத் தம்மினும் இளையவனான ஒரு வெள்ளைத் தோழனுக்கு விட்டுக்கொடுத்தார். ஏழு மாதங்களுக்குப் பின் விடுதலையாகிப் பிலடெல்பியாவுக்கு நடந்தே வந்து சேர்ந்தார்.

பின்னர் ராபர்ட் பிரிட்ஜஸ் என்ற வெள்ளையரின் பாய்ப் பட்டறையில் தொழில் பழகி, இருபது வயதையொட்டி மேஸ்திரியானார். 1798ல் பட்டறைக்கே உரிமையாளரானார். கறுப்பரும் வெள்ளையரும் அங்கு ஒருங்கே அமர்ந்து வேலை செய்தனர். அவருடைய ஆஸ்தி சுமார் ஒரு லக்ஷம் டாலராக வளர்ந்தது. எனினும் அடிமை வியாபாரத்துக்குச் செல்லும் கப்பலுக்குப் பாய் தைத்துத் தர அவர் இணங்கியதில்லை. வருமானத்துக்கும் மனச்சாட்சிக்கும் வெவ்வேறு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளும் வர்த்தகர்கள் இதைக் கவனிப்பார்களாக.

1813ல், கறுப்பர் பென்ஸில்வேனியாவில் குடியேறுவதைத் தடுக்க ஒரு மசோதா வந்தபொழுது, அதை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் எழுதினார். மசோதா நிறைவேறவில்லை. 1817ல், சுதந்திரக் கறுப்பரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் திட்டத்தை ஆலோசிக்கச் சுமார் மூவாயிரம் பேர் பெத்தேல் ஆலயத்தில் கூடினர். அதில் நன்மையும் இருக்கக்கூடுமென்று போர்ட்டன் அந்தரங்கத்தில் நினைத்திருந்தார். ஆனால் ஜனங்கள் ஒரே குரலில் நிராகரித்தனர். அவர் அத்தீர்ப்புக்குத் தலைவணங்கி, அன்றுமுதல் அத்திட்டத்தின் உறுதியான எதிரியானார். ஜனங்களை நடத்துவதோடு ஜனங்களால் நடத்தப்படவும் அறிந்தவரே தலைவர் என்பது நமது கருத்து. 1831ல் காரிஸன் லிபரேட்டர் பத்திரிகையைத் தொடங்கியபொழுது, சந்தா திரட்டி முன்பணம் அனுப்பி அதைத் தாங்கியவர்களுள் இவர் முதன்மையானவர்.

இவ்வளவுக்கும் நாடு அளித்த கைம்மாறு யாது? 1838ல் பென்ஸில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் வோட்டுரிமை வெள்ளையருக்கு மட்டுமே என்று விதித்தது. பதினான்கு வயதில் அந்நாட்டுக்காக வெடிமருந்து சுமந்தவர், எழுபத்திரண்டாம் வயதில் பாதிப் பிரஜையாக்கப்பட்டார். அவருடைய லக்ஷம் டாலர் ஒரு வோட்டை வாங்கித் தரவில்லை. ஆயினும் அவர் அந்நாட்டைத் தமதல்லவென்று ஒருநாளும் ஒதுக்கவில்லை. அது செய்த அநீதியை நீதியென்று ஒப்பவுமில்லை.

1842ம் வருஷம் மார்ச் 4ந் தேதி போர்ட்டன் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர், வெள்ளையரும் கறுப்பருமாக, நடந்து சென்றனர். பறிக்கப்பட்ட வோட்டு 1870ல்தான் அவர் இனத்தாருக்குத் திரும்பிற்று. அவர் தைத்த பாய்கள் என்றோ கிழிந்து மறைந்தன. உரிமையில்லாத செல்வம் பூரண வாழ்வாகாது என்று அவர் வாழ்ந்து காட்டிய பாடமோ இன்றும் நிற்கிறது.