முயலிடம் கணக்குக் கேட்ட டாக்டர்

குழந்தை எதிலிருந்து உண்டாகிறது?

350 ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவின் பெரிய பெரிய பண்டிதர்களுக்கே இதற்குச் சரியான விடை தெரியாது. உருவம் கொடுப்பது ஆணின் விந்து; தாய் தருவது வெறும் பொருள்தான் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து பலர் சொல்லி வந்தார்கள். தகப்பன் குயவன், தாய் களிமண் என்பது போல! பெண்ணின் அடிவயிற்றில் இரு பக்கமும் உள்ள சிறு உறுப்புகளுக்குப் 'பெண் விதை' என்றுதான் அப்போது பெயர்.

இந்த எண்ணத்தைப் புரட்டியவர்களில் ஒருவர், ஹாலந்து நாட்டு டாக்டர் ரெய்னியர் டி கிராஃப்.

நாய்க்குள் இறகுக் குழாய்

கிராஃப் 1641-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஸ்கூன்ஹோவன் என்ற ஊரில் பிறந்தார். உட்ரெக்டிலும் லெய்டனிலும் வைத்தியம் படித்தார். மாணவராக இருந்தபோதே, உயிருள்ள நாயின் கணையத்தில் வாத்து இறகின் தண்டைக் குழாயாகச் செருகி, அங்கே ஊறும் நீரைச் சேகரித்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 23 கூட நிறையவில்லை.

1665-ல் பிரான்சில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, டெல்ப்ட் நகரில் வைத்தியத் தொழில் நடத்தினார். கத்தோலிக்கர் என்பதால் சர்வகலாசாலைப் பதவிக்கு வழியில்லை. அதற்காக அவர் ஆராய்ச்சியை விடவில்லை.

1668-ல் ஆண் உறுப்புகளைப் பற்றி நூல் எழுதினார். விதை என்பது சதைக் கட்டியல்ல. நூல்கண்டு போலச் சுருண்ட நுண்குழாய்களின் கூட்டம் என்று அதில் காட்டினார்.

மூன்றாம் நாள்

அடுத்தது பெண். இதற்கு அவர் முயல்களை எடுத்துக்கொண்டார். ஆணோடு சேர்ந்த பிறகு அரைமணி நேரத்தில் ஒன்று, 6 மணி நேரத்தில் ஒன்று, ஒரு நாள் கழித்து ஒன்று என்று வரிசையாக அறுத்துப் பார்த்தார். முயல்களின் கதி பரிதாபம்தான்!

'பெண் விதை'யில் நீர் நிறைந்த கொப்புளங்கள் இருந்தன. சில கொப்புளங்கள் உடைந்து, அந்த இடத்தில் தழும்பு போன்ற உருண்டைகள் தோன்றின. மூன்றாம் நாள், கருப்பைக்குப் போகும் வழியில் மிகச் சிறிய முட்டைகள் கிடைத்தன. கிராஃப் தழும்புகளை எண்ணினார், முட்டைகளை எண்ணினார். கணக்கு ஒத்தது.

தாயும் வித்துத் தருகிறாள்! பெண் விதை எனப்பட்டது உண்மையில் முட்டைப் பை, அதாவது சினைப்பை. 1672-ல் இதை நூலாக வெளியிட்டார்.

ஆனால் ஓர் இடத்தில் சறுக்கினார். கொப்புளமே முட்டை என்று நினைத்தார். அப்படியானால் வழியில் கிடைத்த முட்டை கொப்புளத்தைவிடச் சிறியதாக இருப்பானேன்? முட்டை கொப்புளத்துக்குள்ளே இருக்கிறது என்பதை, 1827-ல் பேயர் என்ற அறிஞர் நாயிடம் கண்டுபிடித்தார்.

நண்பர் சுவாமர்டாமின் கோபம்

நூல் வந்ததும் சண்டையும் வந்தது. லெய்டனில் உடன் படித்த சுவாமர்டாம், இது தாங்கள் முதலில் கண்டது என்று சீறினார். வழக்கு லண்டன் ராயல் சொசைட்டி வரை போயிற்று. அந்தச் சச்சரவுக்கிடையே, 1673 ஆகஸ்டு 17-ந் தேதி கிராஃப் காலமானார். வயது 32 தான்.

சாவதற்குச் சில மாதங்கள் முன்புதான், தம் ஊர்த் துணி வியாபாரி ஒருவரை அதே சொசைட்டிக்கு அறிமுகம் செய்து கடிதம் எழுதியிருந்தார். அவர்தான் நுண்பெருக்கிக் கண்ணாடியால் புகழ்பெற்ற லூவன்ஹுக். 1677-ல் விந்தணுக்களைப் பற்றி எழுதிய லூவன்ஹுக், குழந்தை விந்தணுவிலிருந்தே வருகிறது என்று வாதாடி, கிராஃப் சொன்ன முட்டையை மறுத்தார். வேடிக்கையான நன்றி!

கொப்புளமும் தழும்பும்

இன்று பாடப் புத்தகங்களில் அந்தக் கொப்புளத்துக்குக் கிராஃபின் பெயரே வழங்குகிறது. அதன் வேலை முட்டையைக் காப்பது மட்டுமல்ல. 1923-ல் அமெரிக்காவில் ஆலன், டாய்சி என்ற இருவர் பன்றியின் கொப்புள நீரை, சினைப்பை நீக்கிய எலிகளுக்கு ஊசியால் செலுத்தினார்கள். எலிகளுக்கு மீண்டும் பருவம் வந்தது. அந்தச் சுரப்பு நீரே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்.

முட்டை வெளியேறியதும் கொப்புளம் மஞ்சள் நிற உருண்டையாகி, புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கருப்பையின் உட்சுவரைக் கருவுக்கு மெத்தை போலப் பக்குவப்படுத்துவது இதுதான். கரு தங்காவிட்டால், சுமார் இரண்டு வாரத்தில் உருண்டை வற்றும், மாதவிலக்கு வரும்.

1903-ல் ஜெர்மனியில் பிரெங்கல் என்ற டாக்டர் சினை முயல்களின் மஞ்சள் உருண்டைகளை மட்டும் அழித்துப் பார்த்தார். கர்ப்பம் நிற்கவில்லை. அவர் அழித்தது, கிராஃப் ஒவ்வொன்றாக எண்ணிய அதே தழும்புகளை.