தூரிகையும் துணிவும்: ஓவியப் பேராசான் கே. சி. எஸ். பணிக்கர்

மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர் ஏலக்காயால் பெயர் பெற்ற ஊர். போடிமெட்டுச் சாலை வழியே மலையேறுவோர் ஏலத் தோட்டங்களின் குளிர்ச்சியை அறிவர். மலையில் விளைந்து உலர்த்தப்பட்ட காய் ஊருக்குள் வந்ததும், அதனைச் சலித்து, பருமனும் பசுமையும் பார்த்துத் தரம் பிரிக்கின்றனர். ஒரு பச்சைக்கும் மற்றொரு பச்சைக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை நொடியில் உணரும் கண் இவ்வூர் மக்களுக்கு வாய்த்திருக்கிறது. அக்கண்ணே விலையையும் தீர்மானிக்கிறது.

ஆயினும், நிறத்தை அறிந்து பிழைக்கும் இவ்வூரிலேயே ஒரு பிள்ளை ஓவியத்தைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்பினால், வீட்டில் கவலை சூழ்ந்துவிடுகிறது. படம் வரைந்தால் பிழைக்க முடியுமா என்று அத்தா கேட்கிறார். ஊர்ப் பெரியவர்களும் அதனையே கேட்கின்றனர். அது ஒதுக்கத்தக்க கேள்வியன்று. பிள்ளையின் எதிர்காலத்தின்மீது கொண்ட அன்பிலிருந்து பிறக்கும் கேள்வி அது. அதற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து சென்ற பெருமகனார் ஒருவர் உண்டு. அவரே ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தார். மக்தூம்களின் மார்க்கக் கல்வியால் புகழ்பெற்ற பொன்னானிப் பகுதியில் அவரது இளமைக் கல்வி அமைந்தது. தென்னஞ்சோலைகளும் நீர்நிலைகளும் நிறைந்த அம்மண்ணின் நிறங்கள் சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. சிறு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிய அவர், பதினேழு, பதினெட்டு வயதுக்குள் சென்னை ஓவியக் கண்காட்சிகளில் தம் படைப்புகளை வைக்குமளவுக்கு வளர்ந்தார்.

அந்நேரத்தில் குடும்பத்தில் இடி விழுந்தது. தந்தையார் மறைந்தார். பதினெட்டு வயது இளைஞரின் தோளில் குடும்பச் சுமை ஏறியது. கல்லூரிப் படிப்பைக் கைவிட்டுத் தந்தித் துறையில் ஊழியம் ஏற்றார். அரசுப் பணி, மாதந்தோறும் தவறாத ஊதியம். அக்காலத்தில் அதனினும் பாதுகாப்பான வாழ்வு நடுத்தரக் குடும்பத்துக்கு வேறில்லை எனலாம். பணிக்கர் கடமையைத் தட்டவில்லை, குடும்பத்தைத் தாங்கினார். ஆனால், தூரிகையையும் அவர் கீழே வைத்துவிடவில்லை.

தம் இருபத்தைந்தாம் வயதில், 1936ஆம் ஆண்டில், அவர் எடுத்த முடிவே அவர்தம் வாழ்வின் திருப்புமுனை. தந்திப் பணியைத் துறந்து, சென்னை அரசு கலை, கைத்தொழிற் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். முன்னரே படங்களைக் காட்சிக்கு வைத்து அறிமுகம் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவராய் அமர்வது எளிதன்று. இயற்கையாய் அமைந்த திறன் ஓர் எல்லைவரைதான் இட்டுச் செல்லும், அதற்கப்பால் முறையான பயிற்சி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவர் சேர்ந்த கல்விக்கூடம் நெடிய வரலாறு உடையது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய அப்பள்ளியைப் பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. 1929இல் வங்கத்துச் சிற்பியும் ஓவியருமான தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். சென்னைக் கடற்கரையில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவர்தம் தலைமையில் பணிக்கர் நான்கு ஆண்டுகள் பயின்று 1940இல் தேர்ச்சி பெற்றார். அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். ஊதியத்தைத் துறந்து சென்ற இடமே அவருக்கு ஊதியமும் தந்தது.

கற்பிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தென்னாட்டு ஓவியர்க்குக் காட்சிக்கூடங்களோ வாங்குவோரோ மிகுதியாக இல்லாத அக்காலத்தில், 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். தனித்து நிற்கும் கலைஞன் தளர்ந்துவிடுவான், கூடி நின்றால் நிலைப்பான் என்பது அவர் கண்ட உண்மை. 1954இல் ஐரோப்பா சென்று இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிப்படுத்தினார். அங்குக் கண்ட புதுமைகளை அப்படியே பெயர்த்து வராமல், நம் மண்ணுக்குரிய நவீன ஓவியம் எது என்ற தேடலோடு திரும்பினார்.

அத்தேடலின் கனியாக 1963இல் தோன்றியதே சொற்களும் குறியீடுகளும் என்னும் ஓவிய வரிசை. சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த வரிகள் ஆகியவை அவற்றில் படமாகவே நின்றன. எழுத்து, படிப்பதற்கு மட்டுமன்றிப் பார்ப்பதற்கும் உரியது என்பதைப் பள்ளிவாசல் சுவர்களில் அரபு எழுத்தணியைக் கண்டு வளர்ந்த நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அரபு எழுத்திலே தமிழை எழுதிய முன்னோரின் வழிவந்தோர் பணிக்கரின் இவ்வோவியங்களை அந்நியமாக உணரார்.

1957இல் பணிக்கர் அக்கல்விக்கூடத்தின் முதல்வரானார். அப்போதுதான் நம் ஊர்ப் பெற்றோரின் கேள்வி முழு வடிவில் அவர்முன் வந்து நின்றது. ஆண்டுதோறும் மாணவர் தேறி வெளியேறினர். படித்து முடித்தபின் அவர்கள் எங்கே செல்வர்? எதைக் கொண்டு வாழ்வர்? பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய்க் கலையைக் கைவிட்டவர்களைக் கண்டு அவர் வருந்தினார். தாமே ஒருகால் தந்தி அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர் அல்லவா?

வருத்தத்தோடு நில்லாது வழியும் கண்டார். மெழுகு தோய்த்த துணியில் சாயமேற்றும் பாத்திக் வேலை, தோல் வேலை முதலிய கைவினைகளில் இளைஞரை ஈடுபடுத்தினார். அவற்றை விற்ற வருவாய் அன்றாட வாழ்வைத் தாங்கியது. எஞ்சிய நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஆயிற்று. இவ்வாறு திரட்டிய பொருளைக் கொண்டு, 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அவர்கள் அமைத்தனர். புரவலர் எவரையும் எதிர்பாராமல், கலைஞர்கள் தம் கையுழைப்பால் தமக்கென எழுப்பிய ஊர் அது. இன்றும் நிலைத்து நிற்கிறது.

சென்னைப் பள்ளியில் பயின்று, பின்னர்ச் சோழமண்டலத்தில் குடியேறி, 1990இல் மறையும்வரை அங்கு வாழ்ந்த ஜே. சுல்தான் அலி இந்திய அளவில் புகழ்பெற்ற ஓவியர் ஆவார். பணிக்கர் முதல்வராக இருந்த நாளில் பயின்ற கே. எம். ஆதிமூலம், தம் கோட்டோவியங்களாலும் நூல் அட்டைகளாலும் தமிழ் இதழியலுக்கே புதுமுகம் தந்தார். ஓவியக் கல்வி ஒரே தொழிலுக்கு மட்டும் வாயில் அன்று என்பதற்கு இவர்கள் சான்று.

1967இல் ஓய்வு பெற்ற பணிக்கர், 1976இல் லலித் கலா அகாதெமியின் உறுப்பாண்மைச் சிறப்பைப் பெற்று, 1977 ஜனவரியில் மறைந்தார்.

போடியிலிருந்து ஓவியம் பயில விரும்பும் மாணவர்க்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. நான்காண்டுப் பட்டப்படிப்பு அங்கு உண்டு. ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு துணி வடிவமைப்பு, மட்பாண்டக் கலை, காட்சித் தொடர்பு வடிவமைப்பு போன்ற துறைகளும் உள. சேரும்முன் மாணவர் தம் கைப்பட வரைந்து காட்ட வேண்டும். ஆதலின் நாள்தோறும் வரைதல் இன்றே தொடங்க வேண்டிய பயிற்சியாகும். குரங்கணி மலைச்சரிவும், தரம் பிரிக்கும் கைகளும், போடி அரண்மனைச் சுவரோவியங்களும் அதற்கு முதற்பாடமாக அமையலாம்.

பணிக்கரின் வாழ்வு மாணவர்க்குச் சொல்வது ஒன்று. பெரியவர்களுக்குச் சொல்வது மற்றொன்று. மாணவரே, ஆர்வம் மட்டும் போதாது. முறையாகப் பயிலுங்கள், கைத்தொழில் ஒன்றையும் உடன் கற்றுக்கொள்ளுங்கள், கூடி வாழப் பழகுங்கள். பெரியீர், உங்கள் அச்சம் நியாயமானதே; ஆனால், அச்சத்துக்கு மருந்து தடை அன்று, தக்க ஏற்பாடே. திறன் என்பது இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணி வளர்ப்பது பெற்றவர்க்கும் கற்பவர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.