ஆசிரியராக வாழ்ந்த அமைச்சர்

திருப்பூரில் வசதியான வணிகக் குடும்பம் ஒன்றில் 1903-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பிறந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சென்னையில் பட்டப்படிப்பையும் சட்டப்படிப்பையும் முடித்த அவருக்கு வழக்கறிஞர் தொழிலில் செல்வமும் செல்வாக்கும் காத்திருந்தன. ஆனால் ராமகிருஷ்ண மடத்துத் துறவியரின் தொடர்பும் காந்தியடிகளின் அழைப்பும் அந்த இளைஞரை வேறு பாதைக்குத் திருப்பின. ஒன்று அகத்தே செல்லச் சொல்வது, மற்றொன்று தெருவில் இறங்கிப் போராடச் சொல்வது. இவ்விரண்டும் முரண்பட்டவை என்று எண்ணி ஒன்றைக் கைவிடுபவரே பலர். அவரோ இரண்டையும் ஒரே சேவையின் இரு முகங்களாகக் கொண்டார். இறுதிவரை பிரம்மசாரியாகவே வாழ்ந்தார்.

1930-இல், தமது இருபத்தேழாம் வயதில், கோவையில் ஸ்ரீராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க சிறுவர்களே அதன் மாணவர்கள். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளித் திண்ணையில்கூட அமரவிடாத ஊர்கள் மலிந்திருந்த காலம் அது. வித்யாலயத்திலோ எல்லா வகுப்புச் சிறுவர்களும் ஒரே கூரையின்கீழ் உறங்கினர். ஒரே பந்தியில் உண்டனர். சமையல், துப்புரவு, தோட்டவேலை ஆகியவற்றை மாணவரும் ஆசிரியரும் பகிர்ந்துகொண்டனர். தீண்டாமையைக் கண்டித்து மேடையில் முழங்குவது எளிது. அதை அன்றாடம் சோற்றுப் பந்தியில் வென்று காட்டுவது கடினம். 1934-இல் காந்தியடிகளே இங்கு வந்து அடிக்கல் நாட்டினார்.

விடுதலைப் போராட்டம் அவரைப் பலமுறை சிறைக்கு அனுப்பியது. நிறுவியவர் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும்போது, அரசின் கண்பார்வையில் உள்ள ஒரு சிறு பள்ளி எப்படி நிலைக்கும்? தனிமனிதரைச் சுற்றி எழுந்த எத்தனையோ நிறுவனங்கள் அப்படித்தான் மறைந்தன. வித்யாலயம் மறையவில்லை. தாம் இல்லாதபோதும் நடத்தக்கூடியவர்களை அவர் உருவாக்கி வைத்திருந்ததே காரணம். கவிஞர் பெரியசாமித் தூரன் அங்கே பல்லாண்டுகள் ஆசிரியப்பணி ஆற்றியவர். பின்னர் வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்திற்கு இடம்பெயர்ந்து, ஆசிரியர் பயிற்சி, வேளாண்மை, உடற்கல்வி, கிராமியக் கல்வி எனக் கிளைவிட்டுப் பரந்தது.

1946 முதல் 1949 வரை அவர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். தமிழில் அறிவியலைக் கற்பிக்க நூல்கள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. அதற்கு அவர் அளித்த விடைதான் 1946-இல் அமைத்த தமிழ் வளர்ச்சிக் கழகமும், அதன் வழியே பிறந்த கலைக்களஞ்சியமும். தலைமைப் பதிப்பாசிரியர் தூரனே. முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. இணைப்புத் தொகுதியான பத்தாவது 1968-இல் வந்து பணி நிறைவுற்றது. பதவி போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆன பின்னரும் அவர் அதை விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடங்கி வைப்பவர் நாட்டில் ஏராளம். முடித்து வைப்பவர் அரிது.

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டமும், 1949-இல் பாரதியாரின் படைப்புகளை அரசு ஏற்றதும் அவர் அமைச்சராக இருந்த காலத்தவையே. 1948-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது அந்த அரசு கடும் எதிர்ப்பைச் சந்தித்ததையும் மறைப்பதற்கில்லை.

பின்னர் திருப்பூரின் மக்களவை உறுப்பினராகவும் (1952-57), மாநிலங்களவை உறுப்பினராகவும் (1958-64) தில்லியில் பணியாற்றினார். ஆயினும் அவரது மனம் வகுப்பறையிலேயே இருந்தது. 1957-இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரியை நிறுவினார். பெண்கள் உயர்கல்வி பெறுவதை வீண்செலவாகக் கருதிய குடும்பங்கள் பல இருந்த நாட்களில், சத்துணவும் குழந்தை வளர்ப்பும் அறிவியலாகவே அங்கே கற்பிக்கப்பட்டன. அதன் முதல்வராகப் பல்லாண்டுகள் உழைத்த டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ், கல்லூரி 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தர் ஆனார். இங்கும் பொறுப்பு உரியவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

1970-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. மாணவர்களுக்கு அவர் என்றும் ‘ஐயா’தான். 1991 நவம்பர் 21-ஆம் நாள் அவர் மறைந்தபோது, தமது சிறு பள்ளியைத் தொடங்கி அறுபத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.