கோழிவலை ஆன்டெனா: விக்ரம் சாராபாயை முன்வைத்து

செயற்கைக்கோள் வழியாகக் கைபேசிக் கோபுரங்களை இணைக்கும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஊரில் இருக்கும் சித்தியிடம் இதை விளக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். இப்போது உங்களிடம் முயல்கிறேன்.

ஃபைபர் கேபிள் போய்ச் சேராத ஒரு தீவில் செல்போன் கோபுரம் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் வானத்தைப் பார்த்தபடி ஒரு டிஷ். யாரோ ஒருவர் போனில் ஒரு செய்தியைத் தட்டினால், அது 36,000 கி.மீ. மேலே ஏறி, அதே அளவு கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்பி வரவேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் போய்வர ஏறக்குறைய அரை விநாடி ஆகும். இணையத்தின் டி.சி.பி. நெறிமுறை, அனுப்பிய தரவுக்கு ரசீது வரவரத்தான் வேகத்தைக் கூட்டும். ரசீது தாமதமானால் தயங்கித் தயங்கி அனுப்பும். அதனால் எங்கள் மென்பொருள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அசல் ரசீது வருமுன்பே தானே ஒன்றைக் கொடுத்துவிடும். நல்ல நோக்கத்தோடு சொல்லும் பொய். என் எட்டு வருட உத்தியோகம் இந்தப் பொய்யைச் சுற்றித்தான்.

சில காலம் முன்பு, நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் சில சிற்றூர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. செயற்கைக்கோள் அலைவரிசைக்கு ஆகும் வாடகையை ஊர் மக்கள்தொகையால் வகுத்தால், தலைக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை. எக்செல் தாளில் அந்த ஊர்களின் வரிகள் சிவப்பாகின. சிவப்பாக்கிய ஃபார்முலாவை எழுதியவன் நான். கூட்டத்தில் நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வராமல், கல்லூரியில் பாதியில் விட்ட ஒரு மனிதரின் வாழ்க்கையை மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாதில் பிறந்தார். அப்பா அம்பாலால் பெரிய நெசவாலை முதலாளி. விக்ரம் பிறப்பதற்கு முந்தைய வருடம் அந்த ஊர் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காந்தியோடு சேர்ந்து அதை முன்னின்று நடத்தியவர் அனசூயா, அம்பாலாலின் சொந்த அக்கா. தம்பி முதலாளிகள் பக்கம், அக்கா தொழிலாளிகள் பக்கம். பணம் இருப்பவனுக்குப் பொறுப்பு எவ்வளவு என்ற கேள்வி அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

படிப்பு கேம்பிரிட்ஜில். உலகப்போர் மூண்டதால் இந்தியா திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தார். 1942ல் நடனக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். மிருணாளினி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். நேதாஜி படையின் கேப்டன் லட்சுமி இவருடைய அக்கா. போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் சென்று 1947ல் டாக்டர் பட்டம் பெற்ற சாராபாய், திரும்பிய கையோடு அகமதாபாதில் இயற்பியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். அப்போது வயது 28. பிறகு நெசவாலை ஆராய்ச்சிக் கழகம், 1961ல் ஐ.ஐ.எம். என்று நிறுவனங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன.

தும்பா கதை பலருக்கும் தெரியும். பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் திருவனந்தபுரம் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்று தேர்வானது. மேரி மக்தலேனா தேவாலயம் அலுவலகமாயிற்று. ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் போயின. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. அது நாசா கொடுத்த நைக்-அப்பாச்சி. ராமேஸ்வரத்திலிருந்து வந்த இளைஞர் அப்துல் கலாம் அந்தக் குழுவில் இருந்தார். இதையெல்லாம் நாம் பெருமையோடு சொல்லிச் சொல்லி, சாராபாயை ராக்கெட் மனிதராகவே நினைவில் வைத்திருக்கிறோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1960களின் இறுதியில் இந்தியாவில் டி.வி. இருந்தது டில்லியில் மட்டுமே. பெருநகரங்களில் கோபுரம் கட்டி, மெல்ல மெல்ல வெளியே விரித்துக்கொண்டு போவதுதான் வழக்கமான யோசனை. அப்படிப் போனால் கிராமத்துக்குக் கடைசியில்தான் முறை வரும், வந்தால். சாராபாய் வரிசையைத் திருப்பிப்போட நினைத்தார். 1967ல் டில்லியைச் சுற்றி 80 கிராமங்களில் டி.வி. பெட்டி வைத்து, விவசாய நிகழ்ச்சிகளைப் பொதுவில் பார்க்க ஏற்பாடு செய்தார். அடுத்து செயற்கைக்கோள். 1969 செப்டம்பரில் நாசாவோடு ஒப்பந்தம் ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் இஸ்ரோ பிறந்திருந்தது.

இதில் உள்ள பொறியியலைக் கொஞ்சம் சொல்ல ஆசை. வானிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்க ஒரு பேரம் இருக்கிறது. கோளில் ஆன்டெனாவும் சக்தியும் சிறியதாக இருந்தால் தரையில் பெரிய டிஷ் வேண்டும். அந்தக் கால நிலையங்களுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் அகல டிஷ் தேவைப்பட்டது. கோளில் பெரிய ஆன்டெனா வைத்துவிட்டால் தரையில் மலிவான கருவி போதும். நாசாவின் ஏ.டி.எஸ்-6 கோளில் 9 மீட்டர் அகல ஆன்டெனா குடைபோல விரிந்தது. அதனால் கிராமத்தில் 3 மீட்டர் டிஷ்ஷே போதுமானதாயிற்று. அதையும் கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையில் செய்தார்கள். பாரத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. சுமக்க முடிந்தவன் சுமக்கட்டும் என்ற பதில், இங்கே ஆன்டெனாவின் அளவாக வந்து நிற்கிறது.

சாராபாய் அதைப் பார்க்கவில்லை. 1966ல் ஹோமி பாபா இறந்த பிறகு அணுசக்திக் குழுவின் தலைமையும் அவர் தோளில் ஏறியிருந்தது. ஓயாத பயணம். 1971 டிசம்பர் இறுதியில் திருவனந்தபுரம் வந்திருந்தார். டில்லியிலிருந்து கலாம் போனில் பேசினார். விமான நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. சில மணி நேரத்தில், டிசம்பர் 30 அன்று, கோவளத்து விடுதி அறையில் சாராபாய் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 52.

வேலை நிற்கவில்லை. சதீஷ் தவான், யஷ் பால், சிட்னிஸ் போன்றவர்கள் எடுத்து நடத்தினார்கள். 1975ல் ஏ.டி.எஸ்-6 கிழக்காப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் தினமும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பு. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. பம்பாய், மதராஸ் டி.வி.க்கள் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தன. ஒரிஸ்ஸாவின், பீகாரின் குக்கிராமங்களோ வானத்திலிருந்து நேரடியாகப் படம் பார்த்தன.

1976 ஜூலை 31 அன்று அது முடிந்தது. கோள் நாசாவுடையது. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். சில ஊர்களுக்குத் தரைவழிக் கோபுரங்கள் வந்தன. மற்ற ஊர்களில் பெட்டி இருந்தது, கோழிவலை டிஷ் இருந்தது, படம் இல்லை. சொந்தக் கோளான இன்சாட்-1பி வேலை செய்யத் தொடங்க 1983 ஆயிற்று. இந்த ஏழு வருட இருட்டை வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. என்னால் தாண்ட முடியவில்லை. என் எக்செல் தாளின் சிவப்பு வரிகளும் இதே ஜாதிதான்.

பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. 2024 ஜனவரியில் கடலடி கேபிள் வந்து சேரும்வரை லட்சத்தீவின் கைபேசிகள் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தன. இப்போது கோபுரமே இல்லாமல், கையில் இருக்கும் சாதாரண போனோடு நேராகப் பேசும் கோள்கள் வருகின்றன. போனில் டிஷ் கிடையாது, சக்தியும் சொற்பம். ஆகவே முழுப் பாரத்தையும் கோள்தான் சுமக்கவேண்டும். அப்படிப்பட்ட அமெரிக்கக் கோள் ஒன்றை, 223 சதுர மீட்டர் ஆன்டெனாவோடு, 2025 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது இஸ்ரோ. தும்பாவில் முதலில் ஏறியது அமெரிக்க ராக்கெட். இப்போது அமெரிக்கக் கோள் ஏறுவது இந்திய ராக்கெட்டில். சாராபாய் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

ரசித்துவிட்டு, எந்த ஊர்களுக்கு என்று கேட்டிருப்பார் என்றும் தோன்றுகிறது. பெரிய ஆன்டெனா தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்கும். பட்டியலில் எந்த ஊர் முதலில், எந்த ஊர் கடைசியில் என்பதை யாரோ ஒரு அறையில் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். அப்படி ஒரு அறையில் ஒருநாள் நானும் இருந்தேன். கையில் ஃபார்முலா இருந்தது, வாயில் வார்த்தை இல்லை. அடுத்த முறையாவது கேட்கவேண்டும்.