கல்லில் கடவுளைத் தேடிய குரு

நம் குன்னம் வட்டாரத்து ஓடைகளில் கல்லாகிப்போன சிப்பியையும் நத்தையையும் பொறுக்கி விளையாடாத சிறுவர் உண்டோ? சாத்தனூர்க் கல்மரத்தை அறியாதவர் யார்? பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் புரண்ட மண் இது. இத்தகைய கற்களை ஆராய்ந்தே இறைவனை மேலும் நேசித்த ஒரு குருவானவரை இந்த யூபிலி மலரில் நினைவுகூர விழைகிறோம். அவரே தெய்யார் தெ சார்தன் அடிகளார்.

பிரான்சு நாட்டில் 1881 மே 1-ஆம் நாள் பிறந்தார். 1899-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1911-இல் குருப்பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தார். 1923-இல் சீனத்தின் ஓர்தோஸ் பாலைவனத்தில் திருப்பலிக்கு அப்பமும் இரசமும் இல்லாதபோது, உலகோரின் உழைப்பையும் துன்பத்தையுமே காணிக்கையாக ஒப்புக்கொடுத்தார். பீக்கிங் மனிதனைப் பற்றிய ஆய்விலும் பங்கு கொண்டார். 1935-இல் நம் இந்தியாவிலும் நிலவியல் ஆய்வு செய்தார்.

படைப்பு முடிந்துபோன வேலையன்று. கிறிஸ்துவை நோக்கி இன்னும் வளர்ந்துவருவது என்பதே அவர் கண்ட உண்மை. கல்லும் புல்லும் விலங்கும் தம்மை அறியாமலே இவ்வழி வந்தன. மனிதனோ அறிந்து வருகிறான். ஆகவே மறுக்கவும் அவனால் முடியும். இறைவன் அன்பினால் ஈர்க்கிறாரேயன்றிக் கட்டி இழுப்பதில்லை.

இச்சுதந்திரம் அவர் வாழ்விலேயே சோதிக்கப்பட்டது. அவருடைய சமயச் சிந்தனை நூல்களை வெளியிட மேலதிகாரிகள் அனுமதி மறுத்தனர். சபையை விட்டு விலக அவருக்கு வழியிருந்தது, விலகவில்லை. மனம் நொந்தும் கீழ்ப்படிந்தார், எழுதுவதையும் நிறுத்தவில்லை. அச்சமோ வற்புறுத்தலோ அன்று, தாமே தேர்ந்துகொண்ட அன்பே அவரை நிறுத்தியது என நம்புகிறோம்.

1955 ஏப்ரல் 10, உயிர்ப்புப் பெருவிழாவன்று நியூயார்க்கில் இறைவனடி சேர்ந்தார். அதன்பின்னரே அந்நூல்கள் வெளிவந்தன. 1962-இல் அவற்றைக் குறித்துத் திருச்சபை எச்சரிக்கை விடுத்தது. 2023-இல் மங்கோலியா சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் அவரை மரியாதையுடன் நினைவுகூர்ந்தார்.

அன்பர்களே! நம் பங்கும் கட்டி முடிந்த கோவிலன்று. பகையை மறப்பதும் வளர்ப்பதும், ஏழைக்குக் கை கொடுப்பதும் மறுப்பதும் நம் கையில் உள்ளன. நம் ஓடைக் கல்லுக்கு இல்லாத அவ்வுரிமையை இறைவன் நமக்குத் தந்திருக்கிறார். அதை நன்மைக்கே பயன்படுத்த அவர் அருளை இறைஞ்சுவோம்.