எச்.பி., வி.பி.க்குப் பின்னால ஒரு மனுஷன்

முதல் செமஸ்டர் கிராபிக்ஸ் ஹாலை இன்னும் மறந்திருக்க மாட்டீங்க. மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கிட்டு பஸ் ஏறி, ஷீட்டின் நடுவுல எக்ஸ்-ஒய் கோடு போட்டு, மேலே எலிவேஷன், கீழே பிளான்னு வரைஞ்சோமே! நிற்கிற தளத்தையும் படுத்திருக்கிற தளத்தையும் கீல் வச்ச மாதிரி மடக்கி, ஒரே தாளில் விரிக்கிற அந்த வித்தையை ஒரு பாடமாகவே கட்டி எழுப்பியவர் காஸ்பார் மோன்ஜ். அரியர் வச்ச கோபம் இருந்தா, இதைப் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

1746-ல் பிரான்சின் போன் என்ற ஊரில் ஒரு சிறு வியாபாரியின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் தீயணைக்கும் பம்பு ஒன்றைத் தானே செய்தார். 1764-ல் அளக்கும் கருவிகளையும் சொந்தமாகச் செய்து, தன் ஊருக்கே வரைபடம் போட்டார். அதைப் பார்த்து அசந்த ஒரு ராணுவப் பொறியாளர், மெசியேர் பொறியியல் பள்ளிக்கு அவரைச் சிபாரிசு செய்தார்.

அங்கேதான் சிக்கல். அதிகாரி ஆகணும்னா திறமை மட்டும் போதாது, மேட்டுக்குடியில் பிறந்திருக்கணும். மோன்ஜை வரைவாளர் பிரிவில் தள்ளினாங்க. கோட்டைப் படங்களை நகலெடுப்பது, கல் வளைவுகளுக்கு பிளாஸ்டரில் மாதிரி செய்வது, இதுதான் வேலை. மனசுக்குக் கசந்தாலும், எந்தக் கல்லை எப்படி வெட்டினா எதோட பொருந்தும் என்பது கைக்கே பழகிப்போச்சு.

ஒருமுறை, எதிரியின் குண்டு உள்ளே விழாதபடி ஒரு கோட்டையின் சுவர் உயரங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. வழக்கமா அது நீளமான கணக்கு. மோன்ஜ் படம் வரைஞ்சே சட்டுனு முடிச்சார். இவ்வளவு சீக்கிரம் முடிக்கவே முடியாதுன்னு மேலதிகாரி தாளைப் பார்க்கவே மறுத்துட்டாராம்! பிறகு சரிபார்த்தவங்க அதை ராணுவ ரகசியமாக்கி, கால் நூற்றாண்டுக்கு மேல் பூட்டி வச்சாங்க.

அப்படி என்ன பெரிய ரகசியம்? இன்னிக்கு ராத்திரி டீக்கடை கெட்டில் ஒன்றை கேட்-இல் மாடல் பண்ணிப் பாருங்க. உடம்பு வெறும் ரிவால்வ், ரெண்டு நிமிஷம். மூக்கு உடம்போட சேர்ற இடத்துலதான் ஒரு கோணல் வளைவு வரும். சாஃப்ட்வேர் அதை ஒரு கிளிக்கில் போட்டுடும். மோன்ஜின் வழியில், ஒரு தளத்தால் ரெண்டையும் சேர்த்து வெட்டணும். வெட்டுக்கோடுகள் சந்திக்கிற புள்ளிகளைக் குறிக்கணும். தளத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி வெட்டணும். புள்ளிகளைச் சேர்த்தா அதே வளைவு! கையால ஒரு தடவை போட்டுட்டு ஸ்கிரீனோட ஒப்பிட்டுப் பாருங்க, சுகமே தனி.

புரட்சிக்குப் பிறகுதான் பூட்டு திறந்தது. 1795-ல் பாரிசில் அவர் வெளிப்படையாகப் பாடம் எடுத்தார். 1799-ல் அது புத்தகமானது. எக்கோல் பாலிடெக்னிக்கை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நெப்போலியனின் நெருங்கிய நண்பர், எகிப்து வரை கூடவே போனவர். அதனாலேயே நெப்போலியன் வீழ்ந்ததும், 1816-ல் அறிவியல் அகாடமியிலிருந்து நீக்கினாங்க.

1818 ஜூலை 28-ல் இறந்தார். இறுதிச் சடங்குக்குப் போக பாலிடெக்னிக் மாணவர்கள் அனுமதி கேட்டாங்க, அரசு மறுத்துவிட்டது. அடுத்த விடுமுறை நாளில் அவங்க எல்லாரும் சேர்ந்து பெர் லாஷேஸ் கல்லறைக்கு நடந்து போய், தங்கள் வாத்தியாருக்கு மலர்வளையம் வச்சிட்டு வந்தாங்க.