இராமானுஜன் இளமையும் உடல்நலமும்

விடுமுறை கழிந்து கல்லூரிக்கு மீளும் திண்டிவனத்து மாணாக்கராகிய யாம் விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறுவது வழக்கம். அங்கு நிற்குந்தோறும், 1910-ஆம் ஆண்டில் கும்பகோணத்தினின்று வந்து, அதே நிலையத்தில் வண்டி மாறித் திருக்கோவலூர் சென்ற இளைஞர் ஒருவரை நினையாதிருத்தல் எமக்கு இயலவில்லை. எப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றவர். அறுவைப் புண் ஆறி ஓராண்டும் நிரம்பாதவர். கையிலே கணக்குக் குறிப்பேடுகளையன்றிப் பிறிதொரு செல்வமும் இல்லாதவர். அவரே கணிதப் புலவர் சீனிவாச இராமானுஜன்.

1887-இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இவர், 1904-இல் அந்நகர் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கிய உள்ளம் ஏனைப் பாடங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறியமையால் உதவிச் சம்பளம் பறிபோயிற்று. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியை அடைந்தாரேனும், சீதபேதி கண்டு ஊர் திரும்ப நேர்ந்தது. மீண்டு வந்தும் பயனில்லை. அவரை வீழ்த்திய பாடங்களுள் ஒன்று உடலியல்! சீரண உறுப்புக்களைப் பற்றிய வினாவிற்குச் சில வரிகளே எழுதி, அப்பாடம் தமக்குச் சீரணமாகவில்லையென வேடிக்கையாகக் குறித்துவிட்டாராம். காப்பியையே உணவாகக் கொண்டு தேர்வு இரவுகளைக் கழிக்கும் விடுதி மாணாக்கராகிய நாம் இதனைக் கேட்டு நகைக்கலாம்; நெடுநேரம் நகைத்தல் இயலாது.

1910 சனவரியில் விரைவீக்க நோய்க்கு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. வீட்டிற் பணமில்லை, மருத்துவர் ஒருவர் கைம்மாறு கருதாது செய்தார். அவ்வாண்டுகளில் ஒருகால் சென்னையிலே நோயுற்றபோது, நண்பர் ஒருவர் அவரை ஊருக்கு வண்டியேற்றினார். தாம் இறப்பின், பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ கிறித்தவக் கல்லூரி எட்வர்டு ராஸ் அவர்களிடமோ சேர்ப்பிக்குமாறு குறிப்பேடுகளை அந்நண்பர் கையிற் கொடுத்துச் சென்றார். அவ்வண்டியின் வழி நம் திண்டிவனமும் விழுப்புரமுமே.

திருக்கோவலூரில் துணைக் கலெக்டராயிருந்தவர் இராமசாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். எழுத்தர் வேலை வேண்டிச் சென்றவருடைய ஏடுகளைப் புரட்டிய அப்பெரியார், இத்தகையோரைக் கடைநிலை வேலையிற் பிணித்தல் தகாதெனக் கண்டு, முகவரிக் கடிதங்களுடன் சென்னைக்கு அனுப்பினார். அதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை.

1914-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்த பின்னரும் பழைய வழக்கம் மாறவில்லை. இரவெல்லாம் ஆராய்ச்சி; தாமே சமைத்த மரக்கறியுணவு, அதுவும் வேளை தவறி. போர்க்காலத்தில் காய்கறியும் அரிதாயிற்று. கம்பளங்களுக்குள் நுழைந்து துயிலவேண்டுமென்பதையும் அறியாது, மேற்சட்டையுடன் குளிரில் நடுங்கிக் கிடந்தவருக்கு நண்பரொருவர் அதனைக் கற்பித்தார். 1917-இல் நோய் பற்றிக்கொண்டது. 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகிய சிறப்பு மருத்துவ விடுதிகளில் உழன்றவரையே வந்தடைந்தது. 1919-இல் தாய்நாடு மீண்டு, 1920 ஏப்பிரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் உயிர் நீத்தார். இறுதி நாட்களிலும் படுக்கையிற் கிடந்தே கணக்கு எழுதினார்.

அந்நோயைக் காசமென்றே அக்கால மருத்துவர் பலர் கருதினர். 1994-இல் பழைய குறிப்புக்களை ஆராய்ந்த யங் என்னும் மருத்துவர், சீதபேதிக் கிருமி ஈரலைப் பற்றியதே காரணமாதல் கூடுமென்றார். அவ்வாறாயின், பதினெட்டு வயது மாணாக்கரைக் கல்லூரியினின்று வீட்டிற்கு அனுப்பிய அதே நோய்தான், அவரோடு கடல் கடந்து சென்று, அவரோடே திரும்பி வந்திருக்கின்றது.